6-ஏபிஏ டிரம்மைத் திறப்பதும் மூடுவதும்: பாதுகாப்பாகக் கையாளவும் சேமிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

அமாக்சிசிலின், ஆம்பிசிலின் ஆகிய இரண்டுக்கும் அடிப்படையான இடைப்பொருள் 6-அமினோபெனிசிலானிக் அமிலம். ஆலைகளில் அதை யாரும் முழுப்பெயரில் அழைப்பதில்லை; 6-ஏபிஏ என்றே சொல்வார்கள். பார்ப்பதற்கு மைதாவைப் போன்ற வெள்ளைத் தூளாகவும், பெரும்பாலும் 25 கிலோ ஃபைபர் டிரம்மில், இரண்டு பாலித்தீன் பைகளுக்கும் ஒரு அலுமினியப் பூச்சுப் பைக்கும் உள்ளேயும் வரும் இந்தப் பொருள், மூடியிருக்கும் வரை யாரையும் ஒன்றும் செய்வதில்லை. பையின் கழுத்தை அவிழ்ப்பதற்கும் மறுபடியும் கட்டுவதற்கும் இடையே உள்ள இருபது, முப்பது நிமிடங்களில்தான் மனிதருக்கும் பொருளுக்கும் கேடு நேர்கிறது. ஸ்டோரிலும், பொருளை எடை போட்டுக் கொடுக்கும் டிஸ்பென்சிங் பகுதியிலும் புதியவர்களைப் பழக்கியபோது நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவை அல்ல; சரியான செயலை வரிசை மாற்றிச் செய்தவை. ஆகவே இவ்வழிகாட்டி வேலை நடக்கும் வரிசையிலேயே செல்கிறது.

1. முதலில் மனத்தில் இருத்த வேண்டிய இரண்டு குணங்கள்

இந்தத் தூள் ஒவ்வாமையை உண்டாக்கும். பாதுகாப்புத் தரவுத்தாளில் எச்334, எச்317 என்ற இரு எச்சரிக்கைக் குறியீடுகளைக் காணலாம். முதலாவது, மூச்சில் சென்றால் ஆஸ்துமா போன்ற ஒவ்வாமை வரலாம் என்பதையும், இரண்டாவது தோல் ஒவ்வாமையையும் குறிக்கிறது. நச்சுப் பொருளுக்கும் ஒவ்வாமைப் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைப் புதியவர்கள் எளிதில் உணர்வதில்லை. நச்சுப் பொருள் அளவு கூடினால் எவரையும் தாக்கும். ஒவ்வாமைப் பொருளோ ஆறு மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, உடல் அதை அடையாளம் கண்டுகொண்ட பிறகு, மிகச் சிறிய அளவுக்கே பெரிய எதிர்வினையைக் கிளப்பும். “இத்தனை நாளாக ஒன்றும் ஆகவில்லையே” என்ற பேச்சு, இப்பொருளைப் பொறுத்தவரை, ஒரு பாதுகாப்பும் ஆகாது.

இரண்டாவது குணம், இதற்கு ஈரம் ஆகாது. மூலக்கூறின் நடுவே உள்ள நான்கு அணுக்கள் கொண்ட பீட்டா-லாக்டம் வளையம் இறுக்கத்தில் வளைந்து நிற்பதால், நீர் அதை எளிதில் திறந்துவிடும். திறந்த வளையம் மறுபடியும் மூடாது. அதுமட்டுமன்று, ஈரமும் வெப்பமும் சேரும்போது ஒரு மூலக்கூறின் அமீன் குழு பக்கத்து மூலக்கூறின் வளையத்தைத் தாக்கி, இரண்டும் ஒன்றாக இணைந்த இரட்டைகளும் உருவாகும். இவை பின்னால் செய்யப்படும் மருந்தில் மாசுகளாகத் தொடர்ந்து வரும். வடிகட்டியோ உலர்த்தியோ இவற்றை நீக்க முடியாது.

எனவே தூள் காற்றுக்குப் போகக் கூடாது. காற்றின் ஈரம் தூளுக்கு வரக் கூடாது. கீழே உள்ள படிகள் ஏறத்தாழ எல்லாமே இந்த இரண்டில் ஒன்றுக்காகவே உள்ளன.

2. டிரம் வந்து சேர்வதற்கு முன்பே இருக்க வேண்டியவை

முதலில் ஆட்கள். பெனிசிலின் ஊசிக்கோ மாத்திரைக்கோ எப்போதாவது தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் வந்தவர்களும், கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா உள்ளவர்களும் இப்பகுதியில் வேலை செய்யக் கூடாது. இதை நேர்முகத் தேர்வில் ஒரே கேள்வியாகக் கேட்டால் பலர் வேலை போய்விடுமோ என்று மறைத்துவிடுவார்கள். ஆலை மருத்துவர் தனியாக அமர்ந்து கேட்டால், வேறு பகுதியில் வேலை உண்டு என்பதையும் முன்கூட்டியே சொன்னால், உண்மை வெளிவரும். வேலையில் சேரும் நாளன்று மூச்சுத்திறன் சோதனை ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வது அவசியம்; பின்னால் குறைவு ஏற்பட்டால் ஒப்பிட ஓர் அளவு வேண்டுமல்லவா?

அடுத்தது இடம். பெனிசிலின் வகைப் பொருள்களுக்குத் தனிப்பட்ட உற்பத்திப் பகுதியும் தனிக் காற்று அமைப்பும் தேவை என்பதை மருந்து மூலப்பொருள் உற்பத்திக்கான பன்னாட்டு நெறிமுறையான ஐ.சி.எச். க்யூ7-உம், 2023 டிசம்பரில் திருத்தி வெளியிடப்பட்ட, நம் நாட்டு மருந்து விதிகளின் எம் அட்டவணையும் வலியுறுத்துகின்றன. எடை போடும் அறையின் காற்றழுத்தம் அதற்கு வெளியே உள்ள காற்றடைப்பு அறையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 10 முதல் 15 பாஸ்கல் வேறுபாடு வழக்கமான இலக்கு. கதவைத் திறந்தால் காற்று உள்ளே பாய வேண்டுமே தவிர, தூளைச் சுமந்துகொண்டு வெளியே வரக் கூடாது. வெளியேற்றும் காற்று, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியைக் கடந்தே வானுக்குப் போக வேண்டும்.

பிறகு பொருள்கள். துருப்பிடிக்காத 316எல் எஃகுக் கரண்டி, புதிய பாலித்தீன் பைகள், கேபிள் டை, எண்ணிட்ட சீல், ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனர், இழை உதிராத துணி, காஸ்டிக் சோடாக் கரைசல் ஆகியவை அறைக்குள் முன்பே இருக்க வேண்டும். பித்தளைக் கரண்டி வேண்டாம், ஏனென்றால் செம்பும் துத்தநாகமும் ஈரம் பட்ட இடத்தில் வளையம் உடைவதை வேகப்படுத்தும். கரைசல் தயாராக இருக்க வேண்டியதன் காரணம் எளிது: தூள் சிந்திய பிறகு காஸ்டிக் சோடா எங்கே என்று தேடுபவர், சிந்திய தூளைக் காலால் மிதித்தபடியேதான் தேடுவார்.

3. லாரியிலிருந்து இறக்கும்போது

இறக்குமதியான சரக்கு கடலிலும் துறைமுகத்திலும் பல வாரங்கள் கழித்துவிட்டே நம்மிடம் வருகிறது. மே மாதத்தில் சென்னைத் துறைமுகத்தில் குளிரூட்டும் இணைப்பு இல்லாமல் இரண்டு நாள் நின்ற கண்டெய்னருக்குள் என்ன வெப்பம் இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்க வேண்டாம். உள்ளே வைத்து அனுப்பிய வெப்பப் பதிவுக் கருவி சொல்லும். அதை முதலில் எடுத்து, கணினியில் படித்துவிட்டு, அதன் பிறகே டிரம்களை இறக்க வேண்டும். எல்லாவற்றையும் இறக்கிக் குளிரறையில் அடுக்கிவிட்டு மாலையில் பதிவைப் பார்ப்பதே வழக்கமாக நடக்கும் தவறு. அப்போது வரம்பு மீறியது தெரியவந்தால், சந்தேகமான டிரம்கள் நல்ல சரக்கோடு ஏற்கெனவே கலந்திருக்கும்.

டிரம்மின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, சீல் எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிட வேண்டும். மூடிவளையம் நெளிந்திருந்தாலோ, அடிப்பகுதியில் நீர்க்கறை தெரிந்தாலோ அந்த டிரம்மை இன்னொரு பெரிய பைக்குள் போட்டுத் தனியே நிறுத்துங்கள். அங்கேயே திறந்து பார்க்கும் ஆர்வத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். இறக்குமிடத்தில் குறை அழுத்தமும் இல்லை, சுவாசக் கருவியும் இல்லை.

மாதிரி எடுப்பதற்கு, டிரம்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டும் பழைய கணக்குப் பரவலாக இருக்கிறது. 25 டிரம் வந்தால் 6 திறக்க வேண்டும். ஒவ்வொரு திறப்பும் ஈரம் நுழையும் ஒரு வாய்ப்பு என்பதால், மாதிரிக்குத் திறந்த டிரம்களுக்கு அடையாளமிட்டு, உற்பத்திக்கு முதலில் அவற்றையே அனுப்புவது என் வழக்கம்.

4. குளிரறையில் வைப்பது

பல உற்பத்தியாளர்கள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் என்று லேபிளில் அச்சிடுகிறார்கள். லேபிள் வேறு எதையேனும் சொன்னால் லேபிளே இறுதி. அதன் மீதுதான் மறுசோதனைத் தேதியும் நிற்கிறது. தட்டுகள் மீது, சுவரிலிருந்து இடைவெளி விட்டு, குளிர்காற்று சுற்றிவரும்படி அடுக்குங்கள். மின்விசிறியின் வாயை அடைத்து அடுக்கினால் அறைக் கருவி 5 டிகிரி காட்டும். மூலையில் இருக்கும் டிரம் 11 டிகிரியில் இருக்கும். அறையின் எந்த இடம் அதிகம் சூடாகிறது என்பதை அளந்து வரைபடம் போடுவதைக் கோடையில் செய்ய வேண்டும். டிசம்பரில் அளந்த குளிரறை எல்லாவற்றிலும் தேர்ச்சி பெற்றுவிடும்.

முதலில் வந்தது முதலில் என்பதைவிட, மறுசோதனைத் தேதி முதலில் முடிவது முதலில் என்பதே இங்கே சரியான விதி. அமிலம், காரம், ஆக்சிஜனேற்றிகள் எதையும் இந்த அறையில் வைக்காதீர்கள். மதிய உணவுப் பெட்டியும் தண்ணீர் பாட்டிலும் இங்கே வரக் கூடாது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் கோடையில் அவற்றை டிரம்களின் பின்னாலிருந்து எடுத்திருக்கிறேன்.

5. திறப்பதற்கு முந்தைய நாள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குளிரறையிலிருந்து எடுத்த டிரம்மின் வெப்பநிலை 5 டிகிரி. எடை போடும் அறை 24 டிகிரியிலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் இருக்கிறது என்று கொள்வோம். அந்தக் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 13 டிகிரி; அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பின் மீதும் அந்தக் காற்று நீராகப் படியும். குளிர்ந்த மோர்ச் சொம்பு வேர்ப்பதைப் போலவே பையும் வேர்க்கும். பை திறந்திருந்தால் தூளே வேர்க்கும்.

ஒருமுறை உற்பத்திப் பகுதி அவசரப்படுத்தியதால், ஸ்டோருக்குப் புதிதாக வந்த ஓர் இளைஞர் டிரம்மை வெளியே எடுத்த கால்மணி நேரத்திலேயே கேபிள் டையை வெட்டிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது வெளிப்பையின் மடிப்புகளில் நீர்த்துளிகள் வரிசையாக நின்றிருந்தன. அவர் பையின் வாயை விரித்துப் பிடித்தபோது அவற்றில் சில உள்ளே உருண்டன. மேல்பரப்புத் தூள் ஈரச் சர்க்கரையைப் போலக் கரண்டியில் ஒட்டியது. கார்ல் ஃபிஷர் சோதனையில் நீர்ச்சத்து அரை சதவீத வரம்பைத் தாண்டியிருந்தது. டிரம் முழுவதும் ஒதுக்கப்பட்டது. அந்த இளைஞர் முகக்கவசம், கையுறை எல்லாவற்றையும் ஒழுங்காக அணிந்திருந்தார். காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. குறை எங்கள் பயிற்சியில்தான்.

செய்ய வேண்டியது இது: டிரம்மை முந்தைய நாள் மாலையே எடுத்து, மூடிய நிலையில், எடை போடும் அறைக்கு அடுத்த காத்திருப்புப் பகுதியில் வையுங்கள். மூடியைக்கூடத் திறக்க வேண்டாம். தூள் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள் என்பதால், டிரம்மின் வெளிப்புறம் கைக்கு இதமாகிவிட்ட பின்னும் நடுப்பகுதி பல மணி நேரம் குளிர்ந்தே இருக்கும். 25 கிலோ டிரம்முக்கு நான் ஓர் இரவு முழுவதும், அதாவது 12 மணி நேரத்துக்குக் குறையாமல், கொடுக்கிறேன். உங்கள் ஆலையில் எவ்வளவு நேரம் தேவை என்பதை அறிய, சர்க்கரையோ லாக்டோஸோ நிரப்பிய ஒரு டிரம்மின் நடுவில் வெப்ப உணரியைப் புதைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். அதன் பிறகு ஊகத்துக்கு வேலை இல்லை.

“ஒரு நாள் வெளியில் இருந்தால் பொருள் கெட்டுவிடாதா?” என்று கேட்பார்கள். மூடிய பைக்குள், உலர்ந்த நிலையில், 24 டிகிரியில் கழியும் ஓர் இரவு செய்யும் கேடு, குளிர்ந்த தூளின் மீது படியும் நீரோடு ஒப்பிட்டால் பொருட்டே அல்ல. ஆனால் வெளியே எடுத்த நேரத்தையும் மீண்டும் உள்ளே வைத்த நேரத்தையும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுத வேண்டும். நான்கைந்து முறை எடுத்து வைத்த டிரம்மின் மொத்த வெளிநேரம் எவரும் நினைத்திராத அளவுக்கு ஏறியிருக்கும்.

6. உடுத்தும் வரிசை

கைப்பேசி, கைக்கடிகாரம், மோதிரம், சட்டைப்பையிலுள்ள பேனா எல்லாம் முதலில் வெளியே. கைப்பேசியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும்: அது அன்று மாலை வீட்டில் குழந்தையின் கைக்குப் போகிறது.

பிறகு காலுறை, முழு உடல் கவுன், உள்கையுறை, சுவாசக் கருவி, தலைமூடி, கண்ணாடி, வெளிக்கையுறை என்ற வரிசை. உள்கையுறை கவுனின் கைப்பட்டிக்கு அடியிலும், வெளிக்கையுறை அதற்கு மேலும் வர வேண்டும். இரண்டுக்கும் இடையே மணிக்கட்டில் விரல் அகல இடைவெளி விட்டவர்களுக்குத்தான் சிவந்த வளையம் போன்ற அரிப்பு வருகிறது. அந்த வளையத்தைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். கையுறை நைட்ரிலாக இருக்கட்டும். லேட்டக்ஸ் தானே ஒவ்வாமை தரும் பொருள் என்பதால், பிறகு தோலில் தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

அறுவைசிகிச்சை முகமூடி இந்த வேலைக்கு உதவாது. என்95 வடிகட்டும் திறன் கொண்டதுதான், ஆனால் முகத்தோடு படியும் விளிம்பில் கசியும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புக் கணக்கில் அதன் பாதுகாப்புக் காரணி, அதாவது மூச்சில் சேரும் தூளை எத்தனை மடங்கு குறைக்கும் என்ற அளவு, 10; முழுமுகக் கருவிக்கு 50. தூளைத் திறந்த நிலையில் கையாள்பவருக்கு, கண்ணையும் சேர்த்து மூடும் முழுமுகக் கருவியையோ மோட்டார் வழியாக வடிகட்டிய காற்றை ஊதும் தலைக்கவசத்தையோ பரிந்துரைப்பேன். தாடி உள்ளவருக்கு இரண்டாவதே வழி. முகத்தோடு ஒட்ட வேண்டிய கருவி தாடியின் மேல் ஒட்டாது. இறுக்கமாகப் படிகிறதா என்பதை ஒவ்வொரு முறையும் உள்ளங்கையால் வடிகட்டியை மூடி, மூச்சை இழுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

7. எடை போட்டு எடுப்பது

இருவர் வேண்டும். ஒருவர் தூளைத் தொடுபவர், மற்றவர் எடையையும் பதிவையும் பார்ப்பவர். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் தூள் பட்ட கையுறையால் பேனாவைப் பிடிப்பார். பேனாவிலிருந்து பதிவேட்டுக்கும், பதிவேட்டிலிருந்து அலுவலகத்துக்கும் தூள் போய்விடும்.

கீழிறங்கும் காற்றோட்டமுள்ள பூத்துக்குள் டிரம்மை வைத்து, காற்று ஓடத் தொடங்கிச் சில நிமிடங்கள் கழித்துத் திறக்கவும். தலையை டிரம்முக்கு மேலே நீட்டக் கூடாது; மேலிருந்து வரும் சுத்தமான காற்றை அது மறித்து, தூளை நேராக முகத்துக்குத் திருப்பும். அடியில் மிஞ்சியதை எடுக்கும்போது எல்லோரும் இதைச் செய்கிறார்கள். டிரம்மைச் சாய்த்து வைக்கும் தாங்கி ஒன்று இருந்தால் இத்தவறு தானாக நின்றுவிடும்.

பாலித்தீன் பையிலிருந்து உலர்ந்த தூள் சரியும்போது நிலைமின்னூட்டம் உண்டாகிறது. நுண்ணிய கரிமத் தூள் காற்றில் மேகமாக எழுந்தால் பற்றிக்கொள்ளக் கூடியது. பக்கத்தில் எரியும் கரைப்பானின் ஆவி இருந்தால் ஆபத்து பல மடங்கு. தராசு, எஃகுப் பாத்திரம், தாங்கி ஆகியவற்றுக்குப் புவி இணைப்பைக் கொடுத்த பிறகே பையை அவிழ்க்கவும். கரண்டியை மெதுவாக அமிழ்த்தி, பாத்திரத்தின் அடிக்கு நெருக்கமாகக் கொண்டுபோய்க் கவிழ்க்க வேண்டும். உயரத்திலிருந்து கொட்டினால் தூள் கொஞ்சம் தரையில், கொஞ்சம் காற்றில்.

கட்டிகள் தென்பட்டால் உடைத்துச் சேர்க்காதீர்கள். நிறுத்தி, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவை அழையுங்கள். கட்டி என்பது ஈரம் நுழைந்ததற்கு ஒரு தடயம். உடைத்துவிட்டால் தடயம் அழிந்துவிடும், ஈரம் அப்படியே இருக்கும். மஞ்சள் நிறம் கூடியிருந்தாலும் இதே நடவடிக்கைதான்.

8. மீதியை மூடுவது

எடுத்தபின் எஞ்சிய தூளை மூடுவதில் எல்லோருக்கும் களைப்பும் அவசரமும் சேர்ந்துகொள்கின்றன. உள்பையின் காற்றை வெளியேற்ற அதை அழுத்திப் பிழியாதீர்கள். வாயிலிருந்து தூள் மேகமாகப் புறப்படும். பையின் கழுத்தை மெதுவாகச் சேர்த்து முறுக்கி, முறுக்கியதை வளைத்து மடித்து, கேபிள் டை போட வேண்டும். வெறும் முடிச்சு ஈரத்தைத் தடுக்காது.

அடுத்து வெளிப்பை. ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை உள்பைக்கும் வெளிப்பைக்கும் இடையே வைக்க வேண்டும். தூளோடு சேர்த்து உள்ளே போட்டுவிட்டால் ஒருநாள் அவற்றில் ஒன்று உற்பத்திக் கலனுக்குள் போகும். டிரம்முக்கு வெளியே, மூடிக்கு மேல் வைத்தவரையும் பார்த்திருக்கிறேன். பாவம், அந்த ஜெல் குளிரறை முழுவதையும் உலர்த்த முயன்றுகொண்டிருந்தது.

அலுமினியப் பையை வெப்பத்தால் ஒட்டி, புதிய சீல் போட்டு, எஞ்சிய எடை, திறந்த தேதி, எத்தனையாவது திறப்பு ஆகிய மூன்றையும் லேபிளில் எழுதுங்கள். மூன்றாவது திறப்புக்குப் பிறகும் மீதியிருந்தால் நீர்ச்சத்தை மறுபடி சோதிப்பது என்று நாங்கள் ஒரு விதி வைத்திருக்கிறோம். எண்ணிக்கை உங்கள் ஆலையின் அனுபவத்தைப் பொறுத்து மாறலாம். ஆனால் ஒரு எண் இருக்க வேண்டும்.

9. களையும் வரிசை

உடுத்தும்போது கவனமாக இருப்பவர்கள் களையும்போது ஏமாறுகிறார்கள். வேலை முடிந்தது, வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சுக்கருவி முகத்தை அழுத்துகிறது. ஆகவே கை முதலில் அதற்குத்தான் போகும். அந்நேரத்தில் கவுன் முழுவதும் தூள் படிந்திருக்கும். கருவியைக் கழற்றிவிட்டுக் கவுனை உதறினால், அன்று வேலை நேரம் முழுவதும் தவிர்த்த தூளை ஒரே நிமிடத்தில் உள்ளிழுத்துவிடுவார்.

சரியான வரிசை இது. பூத்துக்குள்ளேயே வெளிக்கையுறையை ஈரத்துணியால் துடைத்துக் கழற்றிக் கழிவுப்பையில் போட வேண்டும். அடுத்து, நீர்த்தூவலாலோ ஈரத்துணியாலோ கவுனின் முன்பக்கத்தை நனைக்க வேண்டும். நனைந்த தூள் பறக்காது. பின்னர் கவுனைத் தோளிலிருந்து கீழ்நோக்கி, உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி இறக்கி, காலுறையோடு சேர்த்துப் பையில் இட வேண்டும். அதன் பிறகே மூச்சுக்கருவியைப் பின்பக்கப் பட்டையைப் பிடித்துக் கழற்ற வேண்டும். கடைசியாக உள்கையுறை, பிறகு சோப்பால் கையும் முகமும், அதன்பின் குளியல்.

அழுத்தக் காற்றுக் குழாயால் உடையை ஊதித் தூசி தட்டுவது எந்தச் சூழலிலும் கூடாது. மில்லிலும் பட்டறையிலும் வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்கு அது கைப்பழக்கமாகவே இருக்கிறது. இங்கே அந்தக் குழாயின் முனையையே கழற்றி வைத்துவிடுவது நல்லது.

இதையெல்லாம் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிப் புரியவைப்பது எளிது. லாக்டோஸில் சிறிது ரிபோஃபிளேவின் கலந்து, 6-ஏபிஏ என்று பாவித்துக்கொண்டு, புதியவர்களை முழு வேலையையும் செய்யச் சொல்வேன். பின்னர் விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதா விளக்கைக் காட்டினால், தூள் பட்ட இடமெல்லாம் மஞ்சள்பச்சையாக ஒளிரும். கழுத்தில், காதின் பின்னால், கதவுக் கைப்பிடியில், ஒருவரின் கண்ணாடிக் காம்பில் என்று அது தென்படும் இடங்களைப் பார்த்த பிறகு வரிசையை யாரும் கேள்வி கேட்பதில்லை.

10. சிந்தினால்

துடைப்பத்தை எடுக்காதீர்கள். துடைப்பம் சிந்திய தூளைக் காற்றுக்கு மாற்றும் கருவி, அவ்வளவுதான். பாதுகாப்பு உடை இல்லாதவர்கள் வெளியேற வேண்டும். உடையோடு இருப்பவர் ஈரத்துணியைத் தூளின் மேல் மெதுவாகப் போர்த்த வேண்டும். அதிக அளவாக இருந்தால் முதலில் ஹெப்பா வேக்குவம், பிறகு ஈரத்துணி.

தூளை அள்ளிய பிறகே செயலிழப்புக் கரைசல். நாங்கள் 1 நார்மல் காஸ்டிக் சோடாவை, அதாவது லிட்டருக்கு 40 கிராம் கரைத்ததை, 30 நிமிடம் தரையில் நிற்கவிட்டுப் பிறகு நீரால் கழுவுகிறோம். செறிவும் நேரமும் உங்கள் ஆய்வகத்தில் சரிபார்க்கப்பட்டவையாக இருக்க வேண்டும். கரைசல் தயாரிக்கும்போது சோடாவை நீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். சோடாவின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பூச்சுப் பையின் கிழிசல்களை இந்தக் கரைசலில் போடக் கூடாது. அலுமினியமும் காரமும் சேர்ந்தால் எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும்.

காரம் வளையத்தை உடைத்துவிடும் என்பதால் ஒவ்வாமையும் தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பெனிசிலின் ஒவ்வாமையே, வளையம் திறந்து உடலின் புரதத்தோடு இணைந்த வடிவத்தைத்தான் பெரும்பாலும் அடையாளம் காண்கிறது. ஆகவே கரைசலுக்குப் பிந்தைய நீர்க் கழுவலும், பரப்பைத் துடைத்தெடுத்துச் செய்யும் சோதனையும் அலங்காரப் படிகள் அல்ல.

11. உடல் காட்டும் அறிகுறிகள்

மூக்கிலிருந்து நீர், கண்ணரிப்பு, மணிக்கட்டிலோ கழுத்திலோ தடிப்பு, இரவில் இருமல், நெஞ்சில் விசில் சத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே தெரிவிக்க வேண்டும். வேலையால் வரும் ஆஸ்துமா பல மணி நேரம் கழித்து, வீட்டில் படுத்திருக்கும்போதும் வரலாம். வார விடுமுறையில் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் கூடுகிறதா என்று கேட்பது மருத்துவருக்கு முக்கியமான துப்பு. ஒருமுறை ஒவ்வாமை உறுதியானவரை நல்ல கருவி கொடுத்து அதே பகுதிக்கு மறுபடி அனுப்பக் கூடாது. அவரை இடம் மாற்ற வேண்டும்.

உதடு, நாக்கு வீங்குவது, மூச்சுத்திணறல், தலைசுற்றி விழுவது ஆகியவை உயிருக்கு ஆபத்தான நிலை. படுக்கவைத்து, கால்களை உயர்த்தி, மூச்சுவிடச் சிரமப்பட்டால் சாய்ந்து உட்காரவைத்து, பயிற்சி பெற்றவர் தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 0.5 மில்லிகிராம். கூடவே 108-ஐ அழைக்க வேண்டும். ஒவ்வாமை மாத்திரையைக் கொடுத்துவிட்டு நிலைமை தெளிகிறதா என்று காத்திருப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். அட்ரினலின் ஆம்பூல் எந்த அலமாரியில் இருக்கிறது, இரவு ஷிஃப்டில் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மாதம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வருவதில்லை.

12. கழிவும் காலி டிரம்மும்

கையுறை, துணி, காலிப் பைகள், வேக்குவத்தின் தூசிப்பை ஆகிய எல்லாம் அபாயக் கழிவு. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி, பொதுவாக 90 நாளுக்கு மேல் ஆலையில் சேர்த்து வைக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற இடத்தில் எரிக்க அனுப்ப வேண்டும். முதல் கழுவுநீர் செயலிழப்புத் தொட்டிக்குப் போக வேண்டும். நேராகச் சாக்கடைக்குப் போனால், மருந்தை எதிர்த்து நிற்கும் நுண்ணுயிர்களை நாமே வளர்ப்பதாகும்.

ஃபைபர் டிரம்மைப் பற்றி ஒரு வார்த்தை. உறுதியான உடல், இரும்பு வளையம், இறுக்கமான மூடி என்று அது பார்க்க அழகாக இருக்கும். அரிசி போட்டு வைக்க அதைவிடப் பொருத்தமான பாத்திரம் வீட்டில் கிடைக்காது. ஆலை வாசலில் அதை விலைக்குக் கேட்டு நிற்பவர்களும் உண்டு. அதனால் டிரம் பகுதியை விட்டு வெளியே போகும் முன் லேபிளைக் கிழித்து, உட்புறத்தைத் துடைத்து, அடிப்பாகத்தில் இரண்டு இடத்தில் துளையிட்டு, மூடியைத் தனியே அனுப்புகிறோம். துளையிட்டதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுபவர், டிரம்மைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.